எல்லாத் தோட்டத்திலும் முதல் வெட்டு

நாமகிரிப்பேட்டை
27-1-2024

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பூபதி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகள் ரஞ்சிதா சுகம், என் மகன் சிவபிரகாஷ் சுகம். நான் மட்டும் சுகமில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

நேற்று நம் திராட்சை விவசாயிகள் சங்கத்தின் செயற்குழு கூடியது. நீங்கள் கோபித்துக்கொண்டு வரவில்லை. நான் வந்தும் வாயைத் திறக்கவில்லை. நம் இரண்டு பேரைப் பற்றியே ஒரு தீர்மானம் போட்டுவிட்டார்கள். தலைவரும் செயலாளரும் சங்க விஷயம் எதையும் இனிமேல் போனில் பேசக் கூடாதாம், எழுதித்தான் பேச வேண்டுமாம். என்னைத் திட்டி நீங்கள் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் தவறுதலாகச் சங்கத்து குரூப்பில் விழுந்தது, அதற்கு நானும் அதே குரூப்பிலேயே பதில் கொடுத்தேன் அல்லவா, அதன் பலன். "அவிய ரெண்டு பேரும் பேசுனா பந்தல் கம்பியே அதிருதுங்க. எழுதிக்கட்டும், பேனாவுக்குச் சத்தம் கெடையாது" என்றார் சென்னியம்மாள். அரை ஏக்கர் திராட்சை வைத்துக்கொண்டு தனியாக மல்லுக்கட்டுகிற அந்த அம்மாளுக்கு இவ்வளவு குசும்பு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

கடிதத்தை மாதேஷ் தன் முட்டை வண்டியில் கொண்டுவந்து தருவான். பதிலையும் அவனிடமே கொடுத்தனுப்புங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்தது குற்றமே இல்லை. எனக்குக் கைராசி என்று ஊர் நம்புகிறது. "ஏனுங்க தலைவரே, கவாத்துக்கு நீங்க வந்து ஒரு வெட்டுப் போட்டுட்டுப் போங்க, போதும்" என்று ஒருவர் கூப்பிட்டார். போனேன். அடுத்தவர் கூப்பிட்டார். தை மாதம், வளர்பிறை, நல்ல முகூர்த்தம். வண்டியில் பெட்ரோலும் இருந்தது. ஒரே நாளில் எல்லாத் தோட்டத்துக்கும் போய் ஆளுக்கொரு கிளையை நறுக்கிவிட்டு வந்தேன். ஒரு கிளை அம்மிணி! வெறும் ஒரு கிளை! மீதியையும் அவர்கள் அன்றைக்கே வெட்டி முடித்துவிட்டால் அதற்கு நானா பொறுப்பு?

இப்படிக்கு,
பூபதி


அயோத்தியாப்பட்டணம்
30-1-2024

அண்ணாவுக்கு,

கமலவேணி எழுதுகிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது, இரண்டாம் முறை இரத்தம் கொதித்தது.

ஒரு கிளைதான் வெட்டினாராம்! முதல் வெட்டு விழுந்த தோட்டத்தை அரைகுறையாக விட்டால் ஆகாது என்று நம் ஆட்கள் பொழுது சாய்வதற்குள் வெட்டி முடித்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா? சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து நீங்கள்தானே தலைவர்?

யாருக்காக நான் சீட்டுக் குலுக்கிப்போட்டு கவாத்து முறை வைத்தேன்? கொடியை என்றைக்கு வெட்டுகிறோமோ அதிலிருந்து நாலு மாதத்தில் பழம். ஒருவர் பின் ஒருவராக வெட்டினால் பழமும் ஒருவர் பின் ஒருவராக வரும். கம்பம் பக்கத்து ஒயின் ஆலைக்கு வாரம் இரண்டு லோடுதான் கொள்ளும், அவர்களுடைய தொட்டி அவ்வளவுதான். அந்தக் கணக்குக்காகத்தான் முறை வைத்தோம். இப்போது மே மாதம் ஒரே வாரத்தில் பத்துத் தோட்டமும் பழுத்து நிற்கப் போகிறது. ஆலை இரண்டு லோடு எடுத்துக்கொள்ளும். மீதியை நீங்களும் நானும் உட்கார்ந்து தின்போமா?

போன வருஷம் மார்க்கெட்டில் வியாபாரிகள் நம் பழத்தைப் பார்த்த பார்வை உங்களுக்கு மறந்திருக்காது. இந்த வருஷமும் பழம் விலைபோகாமல் நின்றால் பந்தலைப் பிரித்துப் போட்டுவிட்டு மரவள்ளிக்கே போகிறோம் என்று பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் சங்கமும் கிடையாது, ஆலையும் கிடையாது. அந்த ஒப்பந்தத்துக்காக எத்தனை தடவை பஸ் ஏறிப் போய் ஆலை வாசலில் உட்கார்ந்திருப்பேன்! "சாராயத்துக்குப் பழம் விக்கிறவ" என்று என் நாத்தனார் கல்யாண வீட்டில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாளே, அதையும் சிரித்துக்கொண்டுதானே கேட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அன்றைக்கு நான் ஆலைக்குப் போயிருந்த சமயம் பார்த்து என் தோட்டத்துக்குள்ளும் புகுந்து வெட்டியிருக்கிறீர்கள். கூப்பிட்டது யார் என்று விசாரித்தால், என் வீட்டுக்காரர்! "பூபதி கை பட்டா நல்லது கமலா" என்கிறார் கூசாமல். அவருக்கு மூன்று நாளாக ரசம் சாதம்தான்.

கோபத்துடன்,
கமலவேணி


நாமகிரிப்பேட்டை
20-2-2024

அன்புள்ள அம்மிணிக்கு,

மாதேஷ் இரண்டு தடவை வந்து "பதில் இல்லீங்களா, பதில் இல்லீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனான். எழுதுவதற்குத்தான் முகமில்லை.

தப்புதான். இதற்கு மேல் என்னை என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? போர்வெல் போடும் ரிக் வண்டியில் மானேஜராக இருந்தபோது ஆந்திரா, ஒடிசா எல்லாம் சுற்றியவன் நான். எங்கேயும் என்னை ஒரு ஆளாக மதித்து "நீங்க வந்தாத்தானுங்க ஆவும்" என்று யாரும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறார்கள். அன்றைக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் மோர் கொடுத்தார்கள், துண்டு போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானுக்கு ரசம் சாதம் போட வேண்டாம், பாவம். தண்டனையை எனக்குக் கொடுங்கள்.

கொடி எல்லாம் நன்றாகத் துளிர்த்திருக்கிறது. கைராசி என்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். ஆனால் பூங்கொத்து வந்திருக்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். எல்லாத் தோட்டத்திலும் ஒரே மாதிரி, ஒரே அளவு. அச்சில் வார்த்த மாதிரி நிற்கிறது.

ஏதாவது வழி சொல்லுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

பூபதி


அயோத்தியாப்பட்டணம்
2-4-2024

அண்ணாவுக்கு,

வழி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் துள்ளுங்கள்.

நேற்று ஆலைக்குப் போனேன். பழம் வாங்கும் மேலாளர் அறிவழகனிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மனுஷன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரே நாள்ல எல்லாத் தோட்டமுமா? அவரைப் பார்க்கணுமே!" என்றார். உங்கள் புகழ் கம்பம் வரைக்கும் போய்விட்டது, சந்தோஷப்படுங்கள்.

சிரித்து முடித்தபின் அவர் சொன்னது இது. மார்க்கெட்டுக்குத்தான் பழுத்த உடனே பறிக்க வேண்டும். ஒயினுக்கு அப்படி இல்லை. பழுத்த பன்னீர் திராட்சையைத் தண்ணீர் விடாமல் கொடியிலேயே இரண்டு மூன்று வாரம் விட்டுவைக்கலாம், சர்க்கரை ஏறும். முதலில் வருகிற பழத்தில் சாதா ஒயின், கடைசியில் வருகிற பழத்தில் இனிப்பு ஒயின். அதனால் கவாத்துக்கு வைத்த முறையை இப்போது பறிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு லோடு என்பதைக் கொஞ்சம் கூட்டித் தரவும் ஒத்துக்கொண்டார்.

ஆனால் கறாராகப் பேசினார். ஒவ்வொரு லோடையும் வாசலிலேயே மீட்டர் வைத்துச் சர்க்கரை பார்ப்பார்களாம். பறிப்பதற்கு முந்தின நாள் தண்ணீர் கட்டி எடை ஏற்றுகிற நம் ஆட்களின் கெட்டிக்காரத்தனம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. தண்ணீர் குடித்த பழம் ஒரு லோடு வந்தாலும் சரி, முறையில் ஒரு லோடு வராமல் போனாலும் சரி, அடுத்த வருஷம் ஒப்பந்தம் கிடையாது.

இன்னொன்று. கடைசி முறை யாருக்கு விழுகிறதோ அவர் தோட்டம் ஜூன் வரைக்கும் நிற்கும். கோடை மழை ஒரு பாட்டம் அடித்தால் பழம் வெடித்துப் போகும், அதற்கப்புறம் எதற்கும் உதவாது. அந்த ஆள் தைரியசாலியாக இருக்க வேண்டும்.

கூட்டம் போட்டு இதை எல்லோருக்கும் புரிய வையுங்கள். என் நாத்தனார் மகன் நிச்சயதார்த்தம், நான் வர முடியாது. கத்தாமல் பேசுங்கள்.

கமலவேணி


நாமகிரிப்பேட்டை
15-4-2024

அன்புள்ள அம்மிணிக்கு,

சித்திரை முதல் தேதியன்றே கூட்டம் போட்டேன். கத்தவில்லை. கொஞ்சம்தான் கத்தினேன்.

தண்ணீர் விஷயத்தைச் சொன்னதும் ஆண்டி எழுந்துவிட்டான். "ஏனுங்க, தண்ணி கட்டாம பறிச்சா எடை எங்கிருந்துங்க வரும்? எங்கப்பன் காலத்துல இருந்து முந்தின நாள் தண்ணி கட்டித்தானுங்க பழக்கம்" என்றான். உங்கப்பன் காலத்தில் இங்கே திராட்சையே கிடையாதே என்றேன். "தக்காளிக்குக் கட்டுனாரில்லீங்களா?" என்கிறான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன். "தலைவர் ஒரு வெட்டுல எல்லாத்தையும் மாட்டி வுட்டாரு, செயலாளரம்மா ஒரு வழி கண்டுபுடிச்சிருக்குது, பாப்போம்" என்கிற அளவுக்கு. அதுவே பெரிது.

பிள்ளையார் முன்னால் சீட்டுப் போட்டோம். உங்களுக்கு இரண்டாவது முறை, நல்லதாகப் போயிற்று. சென்னியம்மாளுக்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. கடைசி முறைக்கு ஒரு ஆள் ஏற்பாடு ஆகிவிட்டது. நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெயில் ஜாஸ்தி, மோர் குடியுங்கள்.

பூபதி


அயோத்தியாப்பட்டணம்
19-4-2024

அண்ணா,

"ஒரு ஆள் ஏற்பாடு ஆகிவிட்டது", அப்படித்தானே? அந்த ஆளுக்குப் பேர் இல்லையா?

ரஞ்சிதா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடைசிச் சீட்டு விழுந்தது சென்னியம்மாளுக்கு. அந்த அம்மாள் முகம் செத்துப் போனதைப் பார்த்து, உங்களுக்கு விழுந்த மூன்றாவது முறையை அவருக்குக் கொடுத்துவிட்டு அவருடைய சீட்டை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அதை எனக்கு மட்டும் மறைக்கிறீர்கள். நான் என்ன, வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?

சொல்லித்தான் இருப்பேன். உங்களுடைய அரை ஏக்கர் என் மகளுக்கும் சோறு போடுகிற இடம். மழை வந்தால் உங்கள் பழம் மட்டும் போகாது, கடைசி லோடு போகும், ஒப்பந்தம் போகும், பந்தல் எல்லாம் பிரியும். தெரிந்துதான் எடுத்தீர்களா?

திட்டுவதற்குத்தான் பேனாவை எடுத்தேன். திட்ட வரவில்லை. உங்களை எனக்குச் சம்பந்தியாகக் கொடுத்த சாமிக்கு ஒரு கும்பிடு. போதுமா?

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆறு வருஷமாகச் சங்கம் நடத்துகிறோம். மருந்து அடி என்றால் கத்த வேண்டும், கூட்டத்துக்கு வா என்றால் கத்த வேண்டும். நீங்களும் நானும் கத்தாமல் ஒருத்தரும் ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடுவதில்லை. உங்களுக்கு ஒன்று என்றால் இவர்களில் யார் வருவார்கள்? இதுதான் எனக்கு உறுத்துகிறது. நாம் கட்டியது சங்கம்தானா, இல்லை, நம் இரண்டு பேர் தொண்டையா?

கமலவேணி


நாமகிரிப்பேட்டை
24-5-2024

அன்புள்ள அம்மிணிக்கு,

நல்ல சேதிகளாகச் சொல்கிறேன். உங்கள் லோடு போனது உங்களுக்கே தெரியும். சென்னியம்மாள் லோடும் போய்விட்டது. மீட்டரில் சர்க்கரை நன்றாகவே காட்டியதாம். அந்த அம்மாள் லாரிக்குப் பின்னாலேயே ரோடு வரைக்கும் ஓடி, "பாத்துப் போங்க சாமி, மேடு பள்ளத்துல தூக்கிப் போட்டுறாதீங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்தார். பழத்தைச் சொன்னாரா டிரைவரைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஆண்டி முறைக்கு முந்தின சாயங்காலம் எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் தோட்டத்துக்குப் போனேன். நினைத்த மாதிரியே மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "சும்மா காத்து வாங்கறனுங்க" என்றான். மோட்டார் ரூமில் என்ன காற்று? நானும் சும்மா காற்று வாங்க வந்தேன் என்று சொல்லி ஸ்விட்ச் பெட்டிக்கு முன்னால் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் காற்று வாங்கினோம். கடைசியில் அவனே சிரித்துவிட்டான். அவன் லோடும் பாஸ்.

இப்போது என்னுடையதையும் சேர்த்து நாலு லோடுதான் பாக்கி. என் பழத்தை ஒன்று கடித்துப் பார்த்தேன், வெல்லம்! வியாபாரி ஒருவர் வந்து கேட்டார், தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலமானால் போதமலைப் பக்கம் மேகம் கட்டுகிறது. மேலே பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், ஆனால் கழுத்து கேட்க மாட்டேன் என்கிறது. உண்மையைச் சொன்னால் பயமாகத்தான் இருக்கிறது அம்மிணி.

பூபதி


நாமகிரிப்பேட்டை
6-6-2024

அன்புள்ள அம்மிணிக்கு,

கை இன்னும் வலிக்கிறது. எழுத்துக் கோணினால் மன்னிக்கவும். இன்று காலை என் லோடு போய்விட்டது. கடைசி லோடு! முழு லோடு!

முந்தாநாள் மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் பக்கமும் அடித்ததாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால் மேற்கே வானம் தார் பூசினாற்போலக் கிடக்கிறது. பறிப்புக்கு இரண்டு நாள் இருந்தது. நானும் சிவபிரகாஷும் பந்தலுக்குக் கீழே நின்றோம். ரஞ்சிதா சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்ய முடியும்? வானத்தைப் பார்த்துக் கத்தினால் கேட்குமா?

அப்போது ரோட்டில் ஒரு லாரி நின்றது. சென்னியம்மாள் தன் தம்பி லாரியிலிருந்து தார்ப்பாயோடு இறங்குகிறார். பின்னாலேயே ஆண்டி, டிராக்டரில் நாலு தார்ப்பாய். மாதேஷ் முட்டையை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறான். அப்புறம் ஒவ்வொருவராக! லாரித் தார்ப்பாய் இல்லாத வீடு நம் பக்கத்தில் ஏது? யார் பெரியப்பன் லாரியோ, யார் மச்சினன் லாரியோ, எல்லாத் தார்ப்பாயும் என் அரை ஏக்கர்மேல் ஏறிவிட்டது. கயிறு வீசி இழுத்துக் கட்டி முடிக்கவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது.

என்ன மழை! தார்ப்பாய் தொய்ந்து நடுவில் குளம் குளமாகத் தேங்கிவிட்டது. பந்தல் உட்கார்ந்துவிடும் போல் இருந்தது. ஆளுக்கொரு மூங்கில் கழியை எடுத்து அடியிலிருந்து தள்ளித் தள்ளித் தண்ணீரை ஓரத்தில் கொட்டினோம். ஆண்டி நின்ற இடத்தில் ஒரு குளமே அவன் தலையில் இறங்கியது. "இப்பத் தண்ணி கட்டியாச்சுங்களா தலைவரே?" என்று கத்துகிறான். அந்த மழையிலும் சிரித்துச் சிரித்துக் கழியைப் பிடிக்க முடியவில்லை. மச்சான் பச்சமுத்துகூட ஒரு மூலையில் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். உங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம்!

மழை விட்டதும் தார்ப்பாயை உருவிவிட்டுப் பார்த்தோம். ஓரத்துக் கொடியில் கொஞ்சம் வெடித்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே நின்றது. சற்றுமுன் அறிவழகன் போன் செய்தார். இந்த வருஷம் வந்ததிலேயே அதிகச் சர்க்கரை இதில்தானாம். அடுத்த வருஷத்துக்கும் ஒப்பந்தம் உண்டு, தாளை எடுத்துக்கொண்டு அவரே வருகிறாராம். ஒருவரும் பந்தலைப் பிரிக்கவில்லை அம்மிணி.

எல்லாம் உங்கள் ஏற்பாடு என்று எனக்குத் தெரியும். அத்தனை பேரையும் அவ்வளவு சீக்கிரம் கிளப்பிவிட உங்கள் ஒரு குரலால்தான் முடியும். யார் சொல்லி வந்தீர்கள் என்று அவர்கள் யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

பூபதி


அயோத்தியாப்பட்டணம்
7-6-2024

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மாதேஷ் முன்னாலேயே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் முட்டையை எண்ணுகிற மாதிரித் திரும்பிக்கொண்டான்.

அண்ணா, அன்றைக்கு இங்கே மதியத்துக்கு முன்னாலேயே காற்றடித்துப் புளியமரம் லைன்மேல் விழுந்துவிட்டது. கரண்ட் இல்லை. என் போனில் சார்ஜ் செத்துப் போயிருந்தது. நான் வாசலில் நின்று உங்கள் பக்கத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் போயிற்று என்று அழுதுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சந்தைக்குப் போகிறேன் என்று போனவர் இருட்டின பிறகு சொட்டச் சொட்ட வந்தார். கேட்டதற்கு "டீக்கடை ஓரமா நின்னேன், சாரல் அடிச்சிடுச்சு" என்றார். நானும் நம்பித் தலை துவட்டிவிட்டேன். நேற்று வரைக்கும் வாயே திறக்கவில்லை மனுஷன். கேட்டால், "சங்க விஷயத்தை நீங்க ரெண்டு பேர்தான் பேசணுமா?" என்கிறார்.

நான் யாரையும் அனுப்பவில்லை அண்ணா. ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களாகத்தான் வந்திருக்கிறார்கள்.

கமலவேணி